முனியிடம் கேட்ட பத்துச்சீட்டு

உச்சி வெயில். நாகமரத்தடியில், சூலம் நட்ட கல்லுக்கு முன்னால் இரண்டு இலைப் பொட்டலங்கள் கிடந்தன. அம்மா என் முதுகில் கையை வைத்து, "எடு" என்றாள்.

எனக்குக் கை நீளவில்லை.

கெந்த மரத்து இலையில் மடித்து வாழைநாரால் கட்டிய பொட்டலங்கள். ஒன்றுக்குள் வெள்ளைப் பூ, இன்னொன்றுக்குள் சிவப்புப் பூ. எது எதிலென்று தனக்கே தெரியாதபடி அம்மா அவற்றை முந்தானையில் போட்டுக் குலுக்கியிருந்தாள். வெள்ளை வந்தால் முனி என்னை விட்டுவிடுவார். சிவப்பு வந்தால் விடமாட்டார்.

"கண்ண மூடிக்க. கையில மொதல்ல எது படுதோ அத எடு."

"நீயே எடும்மா."

"நான் எடுத்தா செல்லாது. பேரு ஒன்னோடது."

காலையில் வெட்டிய இறப்பர்ப் பால் அம்மாவின் விரல்களில் காய்ந்து, உரிந்த தோல்போல் தொங்கியது. அதிலிருந்து புளித்த வாடை வந்தது. சுற்றிலும் ஓர் இலை அசையவில்லை. உச்சி வேளையில் முனி வேட்டைக்குப் புறப்படுவார் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஆடு மாடுகூட அந்தப் பக்கம் போகாது. நாங்கள் போயிருந்தோம். போனதோடு நிற்காமல், அவரைவிட்டு விலகிப் போக அவரிடமே உத்தரவு கேட்டுக்கொண்டிருந்தோம்.

எனக்குப் பதினொரு வயது. அன்று பயந்ததுபோல் நான் அதற்கு முன் பயந்ததில்லை.

மருமகனின் யோசனை

இந்த வாரம் இதை எழுதப்போகிறேன் என்றதும் என் மருமகன், "வேணாங்க அத்தே" என்றார். அவர் சபைப் போதகர். "நம்ம சபையில எல்லாரும் படிக்கிற பத்திரிகை. ஞானஸ்நானம் வாங்குன கதைய எழுதுங்க, போதும். பூக்கட்டிப் பாத்தத எல்லாம் எதுக்கு எழுதுறீங்க?"

நல்ல மனிதர், பயந்த சுபாவம். அத்தை எதற்கும் பயப்படாதவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதைத் திருத்த வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கூட்டங்களில் எத்தனையோ பேர் எழுந்து நின்று, "என்னை முழுவதும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன், அன்று முதல் எனக்குப் பயமே இல்லை" என்று சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்னப் பெண் கூனிக் குறுகிப்போவாள். எனக்கு நடந்தது அப்படியில்லை.

பேர் பதிகிற தோட்டம்

கேகாலைக்கும் கித்துல்கலைக்கும் நடுவே, மலைச்சரிவில் இருந்த இறப்பர்த் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் துரையுடையது, பேச்சுக்குச் சொல்கிறேன். அம்மா அழகாயி இறப்பர்ப் பால் வெட்டி, தோட்டத்து ஸ்டோரில் கொண்டுபோய் ஊற்றுகிறவள். அப்பா புகைக்கூடத்தில் இறப்பர்த் தாள்களைக் கம்பில் காயப்போடுகிறவர். அவர் உடம்பெல்லாம் எப்போதும் புகை மணக்கும். அவர் வரும் முன்னே மணம் வரும்.

விடியுமுன் எல்லாரும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை செக்ரோல் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். அந்தப் புத்தகத்தில் பேர் இருந்தால்தான் வேலை, அரிசி, தலைசாய்க்க ஒரு காம்பரா. பேர் இல்லாதவன் ஆள் கணக்கிலேயே இல்லை.

ஒரு தோட்டத்தில் பேர் இருக்கும்போது இன்னொரு தோட்டத்தில் பதிய முடியாது. முதல் தோட்டத்துத் துரை பேரை வெட்டி, இந்த ஆள் போகலாம் என்று ஒரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் பத்துச்சீட்டு. அது இல்லாமல் போகிறவர்களை 'ஓடிப்போனவங்க' என்பார்கள். பிடித்துக்கொண்டும் வந்துவிடுவார்கள்.

அப்படி இழுத்துவரப்பட்ட ஒரு குடும்பத்தைப் பெரட்டுக்களத்தில் நிறுத்தி வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆளின் முகம் மறந்துவிட்டது. அவன் பெண்சாதி தலையிலிருந்த சட்டிபானை மூட்டையைக் கடைசிவரை இறக்காமல் நின்றதுதான் கண்ணில் நிற்கிறது. பத்துச்சீட்டு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஜனங்களுக்குப் பாதி உயிர் போய்விடும். கிடைத்தாலும் பயம், கிடைக்காவிட்டாலும் பயம்.

வாயில் அடங்கி வந்த முனி

முனியாண்டி எப்படி எங்கள் தோட்டத்துக்கு வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் அப்பா இந்தியாவில் தன் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, குலசாமி கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து வேட்டி முனையில் முடிந்துகொண்டாராம். வழியில் முகாமில் உடுத்த துணியை எல்லாம் உருவி மருந்துத் தண்ணீரில் முக்கியிருக்கிறார்கள். அவர் மண்ணை வாயில் போட்டு அடக்கிக்கொண்டாராம். பேர் என்ன என்று கேட்டதற்கு வாயைத் திறக்காமல் விழித்ததில், ஊமை என்று எழுதிக்கொண்டார்களாம்.

ஆகவே எங்கள் தோட்டத்தில் எந்தப் புத்தகத்திலும் பேர் பதியாமல் குடியேறிய ஒரே ஆள் முனியாண்டிதான். இன்று இதைச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்று சிரித்திருந்தால் நாக்கு அழுகிவிடும் என்று நம்பியிருப்பேன்.

எனக்கு முன் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் முப்பது நாள் தாண்டவில்லை. நான் வயிற்றில் இருந்தபோது அம்மா நாகமரத்தடியில் விழுந்து, "இது பொழச்சா ஒம்புள்ள. வளத்துக் குடுக்குற வேல மட்டும் எனக்குப் போதும்" என்று சொல்லியிருக்கிறாள்.

நான் பிழைத்தேன். முனியம்மா என்று பேர் வைத்தார்கள். கழுத்தில் கறுப்புக் கயிறு. வருஷத்துக்கு ஒரு சேவல். எனக்குத் தடுமன் பிடித்தால்கூட, "முனி புள்ள, அவரே பாத்துக்குவாரு" என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. லயத்துப் பிள்ளைகள் என்னை அடிக்கப் பயந்தார்கள். நான் எல்லாரையும் தாராளமாக அடித்தேன்.

அட்டைக்குப் பயந்த உபதேசியார்

சபை உபதேசியார் எங்கள் மலைக்கு வரத் தொடங்கியது எனக்குப் பத்து வயது இருக்கும்போது. ஒல்லி உடம்பு, இழுப்பு நோய். அட்டை என்றால் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். முழங்கால் வரைக்கும் சவுக்காரமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொண்டு, கறுப்புக் குடையை ஊன்றி ஊன்றி ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறி வருவார். வந்ததும் லயத்து வாசலில் உட்கார்ந்து, கால்விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் தேவ வசனம்.

லயத்தில் அவரைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. அம்மா மட்டும் உட்கார்ந்து கேட்டாள். ஏன் கேட்டாள் என்பது எனக்கு முழுவதும் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும்: செத்துப்போன அந்த இரண்டு பிள்ளைகளும் இப்போது எங்கே இருக்கும் என்று அவரிடம்தான் அவள் முதன்முதலில் கேட்டாள்.

"ஆண்டவர் மடியில இருக்காங்கம்மா" என்றார் அவர்.

அம்மா அழுதாள். முனியிடம் அந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

மாதங்கள் போயின. ஒரு ஞாயிறு உபதேசியார், "ஒப்புக்கொடுக்கணும்மா" என்றார். "பாதி குடுத்துப் பாதி வச்சுக்கிறது இல்ல. ஒடம்பு, மனசு, வீடு, புள்ள, நாளக்கி என்ன ஆகுமோங்கிற பயம், எல்லாத்தையும்."

அம்மா யோசித்தாள். "ஸ்டோருல பால் ஊத்துற மாதிரிங்களா அய்யா?"

"எப்பிடி?"

"வாளியக் கவுத்து ஊத்திட்டா அப்புறம் அது எம்பாலுன்னு கேக்க முடியாதுங்களே. அடியில ஒட்டுனதக்கூட வழிச்சு ஊத்திறணும்."

"அதேதாம்மா! அதேதான்!" உபதேசியாருக்கு ஒரே சந்தோஷம். அந்த மகிழ்ச்சியில், "அப்பிடி ஊத்திட்டா ஒங்க பேரு, புள்ள பேரு, எல்லாம் ஆண்டவரோட ஜீவபுஸ்தகத்துல பதிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டார். அதுதான் வினை.

அம்மாவின் முகம் மாறியது.

"எம்பேரப் பதிஞ்சுக்குங்க அய்யா. இவ பேரு முனிகிட்டப் பதிஞ்சிருக்கு. அங்க வெட்டாம இங்க எப்பிடிங்க பதியிறது?"

உபதேசியார் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"அது வெறுங்கல்லும்மா."

"கல்லுன்னா எங்கிட்ட ரெண்டப் புடுங்கிட்டு மூணாவத ஏன் விட்டுச்சு?"

அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. அவர் மூச்சுத் திரும்பும்வரை முதுகைத் தடவிவிட்டு, அம்மா சொன்னாள்: "நான் போயிக் கேட்டுட்டு வந்துர்றேங்க. எதுக்கும் ஒரு மொறன்னு இருக்குல்ல."

மறுநாள் கீழ்ச் சந்தியில் முஸ்லிம் நானாவின் துணிக்கடைக்குப் போய் ஞானஸ்நானத்துக்கு வெள்ளைத் துணி கேட்டாள். "என்னா அழகாயி, மகளுக்குக் கலியாணமா?" என்றார் நானா. "இல்லீங்க நானா, தோட்டம் மாறப்போறோம்" என்றாள் அம்மா. தோட்டம் மாற வெள்ளைத் துணி எதற்கு என்று புரியாமல் அவர் கத்தரிக்கோலைப் பிடித்தபடியே நின்றார்.

சிவப்பு

அப்படித்தான் நாங்கள் நாகமரத்தடிக்குப் போனோம். பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு, இடுப்பில் செருகிய வெட்டுக்கத்தியோடு அம்மா என்னை நேராக அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்கு வந்தால் தைரியம் போய்விடும் என்று நினைத்திருப்பாள்.

கல்லின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, கூனி நின்றாள். துரை பங்களா வாசலில் நிற்கிற அதே கூனல், அதே குரல்.

"அய்யா, பதினோரு வருசம் புள்ளயப் பாத்துக்கிட்ட. கொற சொல்ல வரல. வேற எடத்துக்குப் போறோம். இவளுக்குப் பத்துச்சீட்டுக் குடுத்துரு."

நான் கண்ணை மூடினேன். கையை நீட்டினேன். இலை விரலில் பட்டது. சில்லென்று இருந்தது, அந்த வெயிலில் அது ஏன் அப்படிக் குளிர்ந்தது என்று எனக்கு இப்போதும் தெரியாது.

அம்மா நாரை அவிழ்த்தாள். செம்பரத்தைப் பூ.

என் காது அடைத்துக்கொண்டது. பூவிலிருந்து கண்ணை எடுத்தால் மரத்துக்குப் பின்னாலிருந்து அவர் வந்துவிடுவார் என்று நினைத்துப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூக்கட்டிப் பார்க்கிறவர்கள் முதல் தரம் சரிவராவிட்டால் மூன்று தரம் கேட்பது வழக்கம். அம்மாவும் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. என் கழுத்துக் கயிற்றைப் பிடித்து, வெட்டுக்கத்தியை அதற்குள் நுழைத்தாள்.

கயிறு அறுந்தது. கத்தியின் நுனி என் கழுத்தில் கீறியதில் ஒரு பொட்டு இரத்தம் வந்தது. அம்மா கயிற்றைக் கல்லின்மேல் வைத்தாள்.

"ஓடு" என்றாள்.

இருவரும் ஓடினோம். சரிவெல்லாம் காய்ந்த இலை, வழுக்கியது. அம்மா என்னை முந்திவிட்டாள். பிறகு நின்று, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

வீட்டில் ஓர் ஆள்

"சீட்டுக் கெடைக்கலீங்க அய்யா. ஓடி வந்திருக்கோம். ஒங்க ஆண்டவரு சேத்துக்குவாரா?" என்று அடுத்த ஞாயிறு உபதேசியாரிடம் அம்மா கேட்டாள்.

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. குடையை மடித்துப் பக்கத்தில் வைத்தார். "ஓடி வந்தவங்கள அவரு திருப்பி அனுப்புனதா நான் எங்கயும் படிச்சதில்லம்மா" என்றார்.

அப்பா எங்களோடு சேரவில்லை. அவர் சண்டை போடவும் இல்லை.

"நீங்க போங்க. நான் இங்கயே இருக்கேன். நாளக்கி ஒண்ணுன்னா முனிகிட்டப் பேச வீட்டுல ஒரு ஆளு வேணும்ல" என்றார்.

"எம்மேல நம்பிக்க இல்லியா?" என்று அம்மா சீறினாள்.

"ஒம்மேல இருக்கு புள்ள. அவருமேலதான் பயமா இருக்கு."

எந்த அவர் என்று அப்பா சொல்லவில்லை.

கீழே டவுனில் இருந்த சபைக் கோயிலில் எங்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது. நான் முதன்முதலாக வாங்குப் பலகையில் உட்கார்ந்தது அன்றுதான். கால் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. தலையில் தண்ணீர் விழுந்தபோது உடம்பு தூக்கிப்போட்டது. எனக்குக் கிருபை என்று பேர் வைத்தார்கள்.

வீட்டில் அப்பா மறந்துபோய், "ஏ முனி, இங்க வா" என்பார். நானும் "என்னாப்பா" என்று ஓடுவேன். பிறகு பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது நினைப்பு வரும்: எந்தப் பேருக்கு நான் பதில் சொன்னேன்? யார் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்? குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றுவிடுவேன்.

காய்ச்சல் வருஷம்

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. எங்கள் பக்கத்தில் மழை பொய்த்தது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். அங்கே வெயிலைத்தான் தேடிப்பிடிக்க வேண்டும். ஆறு ஓடாமல் குட்டை குட்டையாக நின்றது. பாறைக் குழிகளில் பச்சையாகப் பாசி பிடித்தது. அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தது.

முதலில் கீழே சிங்களக் கிராமத்தில். எங்களுக்குக் கித்துள் கருப்பட்டி கொண்டுவந்து விற்கிற ஒரு சிங்களத்தி என் கன்னத்தைத் தட்டி, "பய வெண்ட எப்பா, துவே" என்பாள். பயப்படாதே மகளே என்று அர்த்தம். அம்மா அவளோடு சரளமாகச் சிங்களம் பேசுவாள். எனக்கு அப்போது அவ்வளவாகத் தெரியாது, ஆனால் அந்தச் சொல் புரிந்தது. பயம் இரண்டு பாஷைக்கும் பொது. ஒரு வாரம் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பிறகு நாங்கள் அவளை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டோம்.

பெரட்டுக்களத்தில் கூப்பிட்டும் பதில் வராத பேர்கள் கூடிக்கொண்டே போயின. கணக்கப்பிள்ளை ஒரு பேரை இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு, தலையைத் தூக்காமல் அடுத்த பேருக்குப் போவார்.

அம்மா ஒரு புதன்கிழமை விழுந்தாள். சாக்கு மேல் சாக்காகப் போட்டுப் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. பல் அடித்துக்கொள்ளும் சத்தம் அடுத்த காம்பராவுக்குக் கேட்டது. டிஸ்பென்சர் ஐயா கசப்பான கொய்னாத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் போனார். வாசலில் நின்ற பெண்கள் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார்கள்.

"சீட்டு இல்லாம ஓடுனவ. விட்டுருவாரா? ஆளனுப்பிப் புடிக்கிறாரு."

"மொதல்ல தாயி. அப்புறம் மக."

அப்பா ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். "சேவலறுத்த கையால எனக்குத் தண்ணி குடுக்காதீங்க" என்றாள். அப்பா சேவலை வாசலில் விட்டுவிட்டு, சுவரோடு சாய்ந்து சத்தமில்லாமல் அழுதார்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, நான் அம்மாவின் வாயில் கஞ்சி ஊற்றினேன். அவள் என்னை உற்றுப் பார்த்து, "நீ யாரு புள்ள?" என்று கேட்டாள்.

கஞ்சிக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். நிழல் காலடியில் விழுகிற நேரம். நாகமரத்துக்குப் போனேன். ஜெபம் செய்யத் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். செய்திருந்தேன், ஆறு நாளாக. ஆண்டவர் எங்களைச் சேர்த்துக்கொண்டவர்தான், ஆனால் அம்மாவைப் பிடித்து வைத்திருப்பவர் முனி என்று நான் நம்பினேன். பிடித்தவரிடம்தானே போய்க் கேட்க வேண்டும்?

"அம்மாவ விட்டுரு" என்றேன். "நான் வந்துர்றேன். நான் ஒம்புள்ளதான்."

அன்று சாயங்காலம் அம்மாவுக்கு வியர்த்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது.

சாட்சி சொல்லு

அம்மா பிழைத்ததற்கு ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். டிஸ்பென்சர் ஐயா கொய்னா என்றார். உபதேசியார் ஜெபம் என்றார். லயத்துப் பெண்கள் முனி இரங்கிவிட்டார் என்றார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. பகல் ஏறினால் காம்பராவைவிட்டு வெளியே போகமாட்டேன். பாட்டுப் பாடும்போது உதட்டை மட்டும் அசைப்பேன். ஆண்டவர் பேரைச் சொல்ல எனக்கு உரிமை போய்விட்டது என்று நினைத்தேன். முனி எப்போது வருவார், எப்படி வருவார் என்பது ஒன்றே நினைப்பாக இருந்தது.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியதும், உபதேசியார் ஒரு ஞாயிறு காலை லயத்து வாசலில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார். லயமே கூடிவிட்டது. அப்பாவும் தூணுக்குப் பின்னால் நின்றார். பாட்டு முடிந்ததும் உபதேசியார் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கிருபை, எந்திரிம்மா. அம்மாவக் காப்பாத்துனது யாரு? நீ சொல்லு."

எழுந்தேன். எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது. ஆண்டவர் என்று சொன்னால் முனி கேட்பார். முனி என்று சொன்னால் ஆண்டவர் கேட்பார்.

"எனக்குத் தெரியாது!" என்று கத்திவிட்டு ஓடினேன்.

புகைக்கூடத்துக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்தில் அம்மா என்னைக் கண்டுபிடித்தாள். அவ்வளவு தூரம் நடந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. விறகின்மேல் உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்துத் தலையைக் கையால் மூடிக்கொண்டுதான் சொன்னேன்.

"எப்ப போன?"

"நீ என்னய யாருன்னு கேட்டியே, அன்னிக்கு."

"சேவல் குடுக்குறேன்னு சொன்னியா?"

"இல்ல. என்னயத்தான் குடுத்தேன்."

அம்மாவின் முகம் கோணிக்கொண்டது. "நான் செஞ்சதையே நீயும் செஞ்சிருக்க" என்றாள்.

"அம்மா, ஒனக்குப் பயமே இல்லியா? செகப்பு வந்தப்பக்கூட நீ பயப்படலயே."

"யாரு சொன்னா? ஒங்கழுத்துல கத்தி ஏன் பட்டுச்சு? கை அப்பிடி ஆடுச்சு." அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "அன்னியிலருந்து நீ தூங்கயில மூச்சு வருதான்னு மூக்குல வெரல வச்சுப் பாக்காத நாளில்ல. பயம் போகட்டும், அப்புறம் ஒப்புக்குடுக்கலாம்னு நின்னிருந்தா, இன்னமும் அந்தக் கல்லு முன்னாலதான் நின்னுக்கிட்டிருப்பேன். பயத்தையும் சேத்துத்தான் குடுத்தேன்."

"இப்ப நான் என்னா செய்யிறது?"

"நீ குடுத்த பேரு. என்னால திருப்பி வாங்க முடியாது. நீதான் போயிச் சொல்லணும்."

"இப்பவா?"

அம்மா விறகில் கையை ஊன்றி எழுந்தாள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

பன்னிரண்டு வயது

நாகமரம் தெரிகிற இடத்துக்கு வந்ததும், அம்மா ஓர் இறப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "இதுக்கு மேல எங்காலு வராது. நீ போ. நான் இங்கருந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

தனியாகப் போனேன். கல்லின் முன்னால் நின்றேன். பாவாடையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டேன். சூடாகக் காலில் வழிந்து மண்ணில் இறங்கியது. முனி சன்னிதியில் அப்படிச் செய்தவள் உயிரோடு திரும்பமாட்டாள் என்று எனக்குத் தெரியும். இனிமேல் கெடுவதற்கு ஒன்றும் பாக்கியில்லை என்றும் தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. நான் ஆண்டவரோட புள்ள. இப்ப நானே அவருக்குக் குடுத்துட்டேன், என்னய முழுசா. நீ எடுத்தாலும் அவரோட புள்ளயத்தான் எடுப்ப."

ஒன்றும் நடக்கவில்லை. எங்கேயோ ஓர் இறப்பர்க் காய் வெடித்து விதை தெறித்தது. அதற்கே எனக்கு உயிர் போய் வந்தது.

சொல்லி முடித்ததும் பயம் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. திரும்பி நடக்கும்போது, முதுகில் கை விழப்போகிறது என்று உறுதியாக நம்பினேன். தூரத்தில் அம்மா மரத்தை விட்டுவிட்டு, நிற்க முடியாமல் ஆடியபடி, இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்ச் சேர்வதற்குள் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். செத்தால் யாரிடம் போவேன் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சாகத் தயாராக ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.